எறும்பு தொடாத ஆரஞ்சு

அத்தியாயம் 9

அழுக்குத்துணிக் கூடைக்குள் தலையை விடுவதற்கு முன்னால் மூக்கம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து என்ன பிரயோஜனம்? பாதியிலேயே முட்டிப்போய், கூடையின் மொத்த வாசனையையும் ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துவிட்டாள். ஈரத்துண்டு, வியர்த்த காலுறை, எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ மருந்துமாவின் வாடை. ஊறவைத்து மறந்துபோன கரித்துணியும் மாத்திரை டப்பாவும் முந்தாநாள் மீன் கழுவிய தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி.

"அக்கா, மயக்கம் வந்தா இடது பக்கமா விழுங்க. வலது பக்கம் சாக்ஸ் கிடக்கு" என்றான் ஜீரணம்.

"வாயை மூடு."

"மூடினா மூக்கால மூச்சு விடணுமே. அதான் திறந்து வெச்சிருக்கேன்."

மூக்கம்மாவின் நிஜப் பெயர் இப்போது அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பதினெட்டு வருஷம் உணவுக் கலப்பட ஆய்வாளராக இருந்து, ஊர் சாப்பிடுவதையெல்லாம் முகர்ந்து முகர்ந்து, கடைசியில் எதைப் பார்த்தாலும் குமட்டும் நிலைக்கு வந்து வேலையை விட்டவள். இன்று அவள் நம்பிச் சாப்பிடுவது வேகவைத்த முட்டை ஒன்றைத்தான். அதையும் அவளே உடைக்க வேண்டும். ஜீரணம் அவளுக்கு நேர் எதிர். பழைய ஹாஸ்டல் சமையல்காரன். தன் கையால் சமைத்ததையே பதினோரு வருஷம் சாப்பிட்டும் உயிரோடு இருப்பவன். துப்பறியும் தொழிலில் அவளுக்கு மூக்கு வேலை, அவனுக்கு வயிற்று வேலை.

கூடையை அவள் கவிழ்ப்பதை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த வீட்டுக் குழந்தையின் அம்மா. தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவள். அங்கே பார்சல், வீட்டில் உருளைக்கிழங்கு. ஏழு வயது மகள் சிட்டுவின் வாய்க்குள் போகும் எதுவும் இவள் தராசில் ஏறாமல் போனதில்லை. சிட்டுவுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதத்தில் இருக்கும் பினைல் அலனைன் என்ற சரக்கை அவள் உடம்பு உடைக்காது. ரத்தத்தில் அது சேர்ந்தால் போய் உட்காரும் இடம் மூளை. அதனால் பால் கிடையாது, முட்டை கிடையாது, மற்ற பிள்ளைகள் தின்னும் ரொட்டிகூடக் கிடையாது. பதிலுக்கு, ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ், அந்தச் சரக்கை நீக்கிச் செய்த, நாற்றமெடுத்த மருந்துமாவு.

ஆறு வருஷம் ஒழுங்காக இருந்த ரத்த ரிப்போர்ட் இரண்டு மாதமாக ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எகிறுகிறது. போன மாதம் வரை நூறு வரை எண்ணிய பெண் இப்போது எழுபதில் நின்று விழிக்கிறாள்.

மூக்கம்மாவை அமர்த்தியவர் குழந்தையின் அப்பா, பஸ் டிப்போவில் டைம்கீப்பர். அவர் குற்றம் சாட்டியது தன் மனைவியை. பெண் அழுவது பொறுக்காமல் அவள் ரகசியமாக ஏதோ தின்னக் கொடுக்கிறாள் என்பது அவர் கட்சி. அதற்கு ஆதாரமாக ஓர் அட்டவணையும் போட்டுக் கொடுத்திருந்தார். அவருக்கு ஒரு வாரம் காலை ட்யூட்டி. அப்போது மூன்று கிளாஸும் அம்மா கையால். மறுவாரம் மதியம் ட்யூட்டி. காலைக் கிளாஸும் பகல் கிளாஸும் அவர் கையால். ரிப்போர்ட் எகிறியதெல்லாம் அம்மாவின் வாரங்களில். அட்டவணை ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மற்றபடி கண்ணாடி மாதிரி சுத்தம்.

அந்த அட்டவணையை நம்பி, 'தாயே காரணம்' என்று நேற்றே பாதி அறிக்கை எழுதிவிட்டாள் மூக்கம்மா. அது அவள் பைக்குள் இருந்தது. எழுதியதிலிருந்து மூன்று முறை எடுத்துப் படித்துவிட்டாள்.

வாசலோரம் ஒரு சின்னப் பயணப்பை தயாராக நின்றது. மாலை ஐந்து மணி பஸ்ஸில் சிட்டு அத்தை வீட்டுக்குப் போகிறாள். அப்பாவின் தீர்ப்பு. உண்மையை ஒப்புக்கொள்ளும் வரை அம்மாவுக்குக் குழந்தை கிடையாது.

"அவங்க அத்தை நல்லவங்கதான் மேடம்" என்றாள் அம்மா. "ஆனா அங்க தராசே கிடையாது. கண் அளவாப் போடுவாங்க."

"உங்க தராசு எங்கம்மா?" சமையல் மேடையில் தராசு இருந்த இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்ததை வந்ததுமே மூக்கம்மா கவனித்திருந்தாள்.

அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. "எடுத்து வெச்சிருக்கேன்."

எடை போடுகிறவள் தராசை ஏன் ஒளிக்க வேண்டும்? மூக்கம்மா மனதுக்குள் ஒரு கோடு இழுத்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கூடையின் அடியிலிருந்து சிட்டுவின் பள்ளிச் சட்டை வந்தது. அதன்மேல் எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன.

"ஜாம்" என்றான் ஜீரணம், மார்புப் பக்கம் இருந்த கறையைப் பார்த்து.

"அது அவளுக்குச் சரிதான். சக்கரையும் பழமும்தானே" என்றாள் அம்மா. "சக்கரையால அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லைன்னு ஆஸ்பத்திரி நர்ஸே சொல்லியிருக்காங்க. பல்லு சொத்தையாகுமேன்னு நான்தான் வாரத்துல ஒரு நாளைக்கு மட்டும்னு வெச்சிருக்கேன்."

மூக்கம்மா சட்டையைத் திருப்பினாள். கைப்பட்டியில் இன்னொரு கறை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பக்கத்தில் ஊதாவாக ஒரு தீற்றல். ஜாமின்மேல் திருவிழாக் கூட்டமாக மொய்த்த எறும்புகள் இந்த ஆரஞ்சுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கறை ஓரத்தில் வந்த ஓர் எறும்பு நின்றது, மீசையை ஆட்டியது, திரும்பிப் போய்விட்டது.

"வீட்ல ஆரஞ்சு ஜூஸ் உண்டா?"

"கிடையவே கிடையாது மேடம். ஸ்கூல்ல ஏதாவது பெயின்ட்டா இருக்கும். ஊதா ஸ்கெட்ச் பேனா."

"பெயின்ட்டா, பானமான்னு பார்த்துட்டாப் போச்சு. ஜீரணம்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அக்கா. இது மூணு நாள் அழுக்குச் சட்டை."

"பதினோரு வருஷம் உன் சமையலைச் சாப்பிட்ட நாக்கு அது. இதெல்லாம் அதுக்குத் தூசி."

ஜீரணம் கண்ணை மூடிக்கொண்டு கைப்பட்டியை நக்கினான். மூக்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் தின்ற ஒற்றை முட்டை தொண்டைவரை வந்து, யோசித்து, இறங்கிப் போயிற்று.

"இனிக்குது" என்றான் அவன். சப்புக்கொட்டினான். "இன்னும் இனிக்குது. போக மாட்டேங்குது அக்கா. சாப்பிட்டு முடிச்சும் கிளம்பாத விருந்தாளி மாதிரி நாக்குலயே உட்கார்ந்திருக்கு. பின்னாடி லேசா ஒரு கசப்பு."

"சக்கரைன்னா எறும்பு விடாது. இது இனிக்குது, எறும்பு தொடலை."

"இந்த ருசி எனக்குத் தெரியும்!" அவன் கண்ணைத் திறந்தான். "போன வாரம் டைம்கீப்பரைப் பார்க்கப் போனோமே, நீங்க வாசல்ல மூக்கைப் பொத்திட்டு நின்னீங்க, நான் கேன்டீன்ல ஒரு கிளாஸ் அடிச்சேன். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பல் தேய்ச்சேன். அதேதான்."

மணி மூன்றே கால். மூக்கம்மா சட்டையை ஒரு பையில் சுருட்டிப் போட்டாள், எறும்புகளோடு.

*

டிப்போ கேன்டீனில் டீசல் புகையும் பழைய எண்ணெயும் சரிபாதியாகப் பங்கு போட்டிருந்தன. மேஜையைத் துடைத்த துணியைப் பார்த்தால், அந்தத் துணியை எதனால் துடைப்பது என்று தோன்றும். மூலையில் நின்றது பான இயந்திரம். மேலே 'ஆரஞ்சு' என்று கொட்டை எழுத்து, ஈரம் சொட்டும் ஒரு பழத்தின் படம். பழத்துக்கும் அந்த இயந்திரத்துக்கும் இருந்த ஒரே உறவு அந்தப் படம்தான். குழாயின் வாயில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வளர்ந்திருந்தது. கீழ்த்தட்டில் தேங்கிய ஆரஞ்சுத் தண்ணீரில் ஓர் ஈ நீச்சல் பழகித் தோற்றுப்போயிருந்தது.

"இந்தக் குழாயைக் கழுவி எத்தனை நாளாச்சு?" பழைய உத்தியோகக் குரல் தானாக வந்துவிட்டது மூக்கம்மாவுக்கு.

"தினமும் அதுல பானம்தானேம்மா ஓடுது. தன்னால கழுவிக்கும்" என்றார் கேன்டீன்காரர், பெருந்தன்மையாக.

ஜீரணம் ஒரு கிளாஸ் பிடித்து ஒரு மிடறு குடித்தான். கைப்பட்டியை ஒரு வாய், கிளாஸை ஒரு வாய் என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினான். "அதே விருந்தாளி."

"இதுல சக்கரை இருக்கா?" என்று கேட்டாள் மூக்கம்மா.

கேன்டீன்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. ரெண்டு மாசமாக் கிடையாது. டிரைவருங்க பாதிப் பேருக்குச் சுகர் வந்துடுச்சு, சக்கரைச் சரக்கை நிறுத்துன்னு டிப்போ டாக்டர் உத்தரவு. அதே கம்பெனி, அதே கலர், சக்கரைக்குப் பதிலா ஏதோ செயற்கை இனிப்பு."

"அதை ஏன் போர்டுல எழுதலை?"

"எழுதினா, குடிக்காமலே ருசி மாறிடுச்சும்பாங்க. எழுதலை, ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. என் சாமர்த்தியம்!"

அவர் சாமர்த்தியத்தைப் பார்த்து மூக்கம்மாவுக்கு ஈயைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. "பெட்டி எங்கே? அந்தச் சரக்கு வர்ற பெட்டி."

இயந்திரத்தின் பின்பக்கம், பிசுபிசுத்த தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். அட்டைப் பெட்டியில் புரதம் பூஜ்யம், சக்கரை பூஜ்யம் என்று பெரிய பெரிய பூஜ்யங்கள். மூலையில், எறும்புத்தலை அளவு எழுத்தில் ஒரு வரி. இனிப்பூட்டி அஸ்பார்டேம், இதில் பினைல் அலனைன் உள்ளது.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். தரையின் பிசுபிசுப்பை மறந்துவிட்டாள்.

"ஐயையோ, விஷமாம்மா? நானே தினம் மூணு கிளாஸ் குடிக்கிறேனே!" கேன்டீன்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"விஷம் இல்லை. அளவோட குடிச்சா உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் படிச்சவங்க சொல்றாங்க. உங்களைக் கொல்றதா இருந்தா இந்தக் குழாய்தான் கொல்லும். ஆனா இந்த ஒரு வரி சிலருக்காகவே எழுதினது. அந்தச் சிலர்ல ஒருத்திக்கு ஏழு வயசு. இதை யாராவது வெளிய எடுத்துட்டுப் போறாங்களா?"

"கூடாதுன்னு ரூல் இருக்கும்மா. ஒரே ஒருத்தருக்குத்தான் விலக்கு. பாவம், பொண்ணு ஏதோ நாத்தம் பிடிச்ச மருந்து குடிக்குதாம். தண்ணிக்குப் பதிலா இதுல கலக்கிக் குடுத்தா அழாமக் குடிக்குதுன்னு, மதிய ட்யூட்டி முடிஞ்சு போறப்போ ஒரு ஃப்ளாஸ்க் நிறையப் பிடிச்சுட்டுப் போவாரு. ஒரு வருஷமா."

"யாரு?"

"நம்ம டைம்கீப்பர் சார்தான்."

ஜீரணத்தின் கையிலிருந்த கிளாஸ் பாதிவழியில் நின்றது.

மூக்கம்மா சட்டையை எடுத்து, ஆரஞ்சுக் கறைக்குப் பக்கத்தில் இருந்த ஊதாத் தீற்றலைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே எதிர் அறையைப் பார்த்தாள். டைம்கீப்பர், வந்த பஸ் ஒவ்வொன்றின் சீட்டையும் வாங்கி, ஊதா மைப்பெட்டியில் முத்திரையை அழுத்தி, 'டக்' என்று குத்திக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் நகம்வரை ஊதா.

*

"என்ன மேடம், மாட்டிக்கிட்டாளா?" என்றார் டைம்கீப்பர், தலையைத் தூக்காமலே.

மூக்கம்மா அட்டவணையை அவர் முன்னால் விரித்தாள். "இதுல எந்தத் தேதி போட்டிருக்கீங்க?"

"ரிப்போர்ட் தேதி. வந்த நாள்."

"ரத்தம் எடுத்த நாள்?"

"அது எதுக்கு?" அவருக்குச் சிரிப்பு வந்தது. "பஸ் இங்க வந்த நேரம்தான் என் கணக்கு. கிளம்பின நேரத்தை எதிர் டிப்போக்காரன் எழுதுவான். இருபது வருஷமா அப்படித்தான்."

"ரத்தம் பஸ் இல்லை சார். ரிப்போர்ட்டோட அடிப்பக்கம் பாருங்க, 'மாதிரி எடுத்த நாள்'. ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்து அனுப்பறாங்க. பதில் வர அடுத்த சனிக்கிழமை ஆகுது. அதுக்குள்ள உங்க ட்யூட்டி மாறிடுது. எகிறின ரத்தமெல்லாம் எந்த வாரத்து முடிவுல எடுத்தது? எண்ணுங்க."

அவர் எண்ணினார். ஊதா விரல் ஒவ்வொரு கட்டமாக ஒரு வாரம் பின்னால் நகர்ந்தது. முதல் கட்டத்தில் சிரிப்பு போயிற்று. மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.

"என் வாரம்" என்றார்.

"ஃப்ளாஸ்க்ல என்ன சார் கொண்டு போறீங்க?"

"அது... வெறும் ஆரஞ்சு மேடம். சாப்பாடே இல்லையே அது! சக்கரைத் தண்ணி! சக்கரை குடுக்கலாம்னு நர்ஸே சொன்னாங்க. பல்லு பல்லுன்னு இவ கத்துவாளேன்னு மறைச்சேன், அவ்வளவுதான். ஒரு வருஷமாக் குடுக்கறேன், ஒண்ணும் ஆகலையே!"

"பத்து மாசம் குடுத்தது சக்கரை. ஒண்ணும் ஆகலை. ரெண்டு மாசமாக் குடுக்கறது வேற." பெட்டியிலிருந்து கிழித்து வந்த அட்டைத் துண்டை அவர் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுக்குச் சொல்லாம மாத்திட்டாங்க. குழாய்ல வர்றதுக்கு லேபிள் ஏது?"

அவர் அந்த வரியைப் படிப்பதை மூக்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதர் மேல் அருவருப்புப்பட வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. கட்டின மனைவியைக் குற்றவாளியாக்க ஆள் வைத்த மனிதர். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. வந்ததெல்லாம் தன் பைக்குள் இருந்த பாதி அறிக்கையின் மேல்தான் வந்தது. அதை எடுத்து நாலாகக் கிழித்தாள். குப்பைக்கூடையில் ஏற்கெனவே யாரோ துப்பி வைத்திருந்தார்கள். பொருத்தமான இடம்தான் என்று அதிலேயே போட்டாள்.

வெளியே ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. டைம்கீப்பர் சீட்டை வாங்கவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பஸ் நேரம் குறிக்கப்படாமலே உள்ளே போயிற்று.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். சிட்டு செருப்பு மாட்டி, பைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள்.

டைம்கீப்பர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ஃப்ளாஸ்க், குழாய், தேதி. கடைசியில், "உன் மேல போட்ட பழி என்னோடது" என்றார்.

அம்மா சமையல் மேடைக்குப் போய் மருந்துமாவு டப்பாவைத் திறந்தாள். வாடை கூடம்வரை வந்து எல்லோரையும் விசாரித்தது. வெறும் தண்ணீரில் ஒரு கிளாஸ் கலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க."

குடித்தார். முதல் மிடற்றில் கண் பிதுங்கியது. இரண்டாவதில் கை தானாக மூக்குக்குப் போயிற்று.

"மூக்கைப் பிடிக்கக் கூடாதுப்பா" என்றாள் சிட்டு, அனுபவஸ்தியாக. "அப்புறம் விடறப்போ மொத்தமா வரும்." பிறகு அம்மாவின் புடவையை இழுத்தாள். "நான் சொல்லலைம்மா. ஃப்ளாஸ்க் விஷயம் அப்பாவேதான் சொன்னார். நான் சொல்லவே இல்லை."

"தெரியும்டி" என்றாள் அம்மா. குனிந்து மகளின் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஜீரணம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். "மாவு நெடி, அக்கா... கண்ணைக் கரிக்குது."

"எனக்கும்" என்றாள் மூக்கம்மா. சிட்டுவின் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நர்ஸுக்கு இப்பவே போன் பண்ணி நடந்ததைச் சொல்லிடுங்க. அப்புறம் ஒண்ணு. இந்தக் கண்றாவியைப் பச்சையா ஒரு குழந்தை எப்படிங்க குடிக்கும்? நிஜச் சக்கரையே கொஞ்சம் போடலாமே. பல்லுதான் கவலைன்னா, அவளுக்கு இப்ப இருக்கறது பால்பல்லு. விழுந்தா முளைக்கும். தலைக்குள்ள இருக்கறது முளைக்காது."

அம்மா யோசித்தாள். பிறகு மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை இறக்கினாள். கரண்டியை உள்ளே விட்டவள், போட மனம் வராமல் அப்படியே நின்றாள். எடை பார்க்காமல் அவள் கை இறங்காது.

"தராசு எங்க?" என்று கேட்டார் டைம்கீப்பர், வெளுத்துக் கிடந்த சதுரத்தைப் பார்த்து.

"பையில."

"எந்தப் பையில?"

சிட்டுதான் வாசலோரம் நின்ற பயணப்பையைக் காட்டினாள்.

அவர் குனிந்து திறந்தார். மேலே இரண்டு சட்டை, ஒரு துண்டு, இன்னொரு மருந்துமாவு டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில், உடையாமல் இருக்க மூன்று சுற்றுச் சுற்றிய கம்பளித் துணிக்குள் தராசு. அதோடு, நூலால் கட்டிய ஒரு சீட்டு. எந்தெந்தப் பொருள் எத்தனை கிராம் என்று, தராசே பார்த்திராத அத்தைக்கும் புரிகிற மாதிரி, பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.